பதினொரு துண்டு வராளி

மாங்குளம் திறக்கவில்லை.

பிரசாந்தன் ஓமந்தையை அழுத்தினான். அதுவும் திறக்கவில்லை. புளியங்குளத்தை இரண்டு தரம் அழுத்தினான். திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து, இந்தக் கோப்பை எதைக்கொண்டு திறப்பது என்று ஆங்கிலத்தில் அவனையே திருப்பிக் கேட்டது.

"அது என்னட்டைக் கேக்குது," என்றான்.

"நீங்கள் அதிட்டைக் கேக்கிறியள், அது உங்களிட்டைக் கேக்குது. நான் ஆரிட்டைக் கேக்கிறது?" என்றாள் சாரங்கா. அவன் மனைவி. மடியில் வயலின் பெட்டி, மூடியபடியே இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, ஆடி மாதத்துப் புதன்கிழமை. இரணைமடுச் சந்தியிலிருந்து உள்ளே போகும் வீதியில், வீரகத்தியின் அரிசி மில்லுக்கு அடுத்த வீடு. முன்னறையில் மேசை, மேசையில் வவுனியாவில் வாங்கிய பழைய கணினி. அதன் வாய்க்குள் அன்று காலை வந்த சீடி. சீடிக்குள் பதினொரு கோப்புகள். வயலின் பாடங்கள் என்றுதான் அதை அனுப்பியிருந்தார்கள். ஆனால் கோப்புகளின் பெயர்கள் வவுனியா, தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம் என்று போயின. கனகராயன்குளம், மாங்குளம், பனிக்கன்குளம் இருந்தன. கொக்காவில், முறிகண்டி, இரணைமடு, கிளிநொச்சியும் இருந்தன. ஒரு ராகத்தின் பெயரைக் காணவில்லை.

பிரசாந்தன் கூட்டுறவுச் சங்கக்கடைக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவன். சீனி மூட்டைக்கு மேல் பருப்பு மூட்டை இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே திறக்காத கோப்புகளை முதலில் ஒழுங்குபடுத்தினான். வவுனியா மாவட்டம், முல்லைத்தீவு மாவட்டம், கிளிநொச்சி மாவட்டம் என்று மூன்று கோப்புறைகள் செய்து, ஊர்களை அந்தந்த மாவட்டத்துக்குள் அனுப்பினான்.

"இப்ப வடிவா இருக்கு," என்றான்.

"அரசாங்கக் கச்சேரியிலை வேலை கிடைச்சிருந்தா நல்லாச் செய்திருப்பியள். எனக்குச் சனிக்கிழமை சோதினை."

சோதனை என்றால் சாதாரணச் சோதனை அல்ல. சாரங்கா அங்குள்ள பாடசாலை ஒன்றில் நாலு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. சங்கீத சபையின் கடைசித் தரத்துச் செய்முறைப் பரீட்சை சனிக்கிழமை வவுனியாவில். சித்தியடைந்தால் நிரந்தர நியமனத்துக்குப் பெயர் போகும். இல்லாவிட்டால் அடுத்த தவணைக்குச் சான்றிதழ் உள்ள வேறொருவர் அந்தக் கதிரையில் இருப்பார். அதிபர் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு பரீட்சார்த்திக்கும் விரிவாக வாசிக்க ஒரு ராகம் கொடுப்பார்கள். சாரங்காவுக்கு வந்தது வராளி.

வராளியில் ஒரு சிக்கல் உண்டு. அதை ஆசிரியர் மாணவருக்கு நேரே சொல்லிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இருவரும் பகையாகிவிடுவார்கள் என்பது சங்கீதக்காரரின் பழைய நம்பிக்கை. கச்சேரியில் கேட்டுத்தான் மாணவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சாரங்காவுக்கு வயலின் பழக்கிய இராசேஸ்வரி ரீச்சர் மற்ற எல்லாவற்றையும் பழக்கினார். வராளி வந்தபோது பாயைச் சுருட்டி எழும்பிவிட்டார். பிறகு மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார். கிளிநொச்சியில் வராளி கேட்கக் கச்சேரிக்கு எங்கே போவது?

போன மாதம் சாரங்கா அவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ரெலிபோனிலை வாசிச்சுக் காட்டுங்கோவன், ரீச்சர்."

"ரெலிபோனெண்டாலும் நேர சொல்லித் தந்த மாதிரித்தான். எனக்கு உன்னோடை பகைக்க விருப்பமில்லை, பிள்ளை. எல்லாப் பாடத்தையும் பதிஞ்சு இன்ரநெற்றிலை அனுப்புறன், அதுக்குள்ள வராளியும் இருக்கும். கொம்பியூட்டர் சொல்லித் தரட்டும். பகைச்சா அதோடை பகைச்சுக்கொள்."

அனுப்பினார். வவுனியாவில் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கும் ஹலீம் அதை இறக்கிச் சீடியில் அடித்தான். வான் ஓட்டும் சின்னராசா அதைக் கொண்டுவந்து வாசற்படலையில் கொடுத்தார். கூடவே கடதாசியில் சுற்றிய ஒரு சரை கச்சான் கடலையும் கொடுத்தார். சீடியில் என்ன இருக்கிறது என்று கேட்க முன்னமே, சாவியைத் தொட்டுக் கும்பிட்டு, முறிகண்டியானே என்று பிள்ளையாரைக் கூப்பிட்டு, வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வானுக்குள் கதிர்காமத்துக்குப் போகும் சனம் நிரம்பியிருந்தது. திரும்பி வருவது சனிக்கிழமை. அவரிடம் தொலைபேசியும் கிடையாது.

கேட்டால் மட்டும் போதாது. கேட்டது விரலுக்கு இறங்க வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை முழுவதும் வேண்டும். ஆகவே வியாழன் மத்தியானத்துக்குள் சீடி திறந்தாக வேண்டும்.

"ஹலீமுக்கு ஒரு கோல் அடிப்பம்," என்றான் பிரசாந்தன்.

இருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள்.

•

கிளிநொச்சிச் சந்தியில் இருந்த தொலைபேசிக் கடையில் வரிசை. முறை வந்தபோது பிரசாந்தன் றிசீவரைக் காதில் வைத்தான். சாரங்கா தன் காதை றிசீவரின் மற்றப் பக்கத்தில் வைத்தாள்.

"ஹலீம், அந்தப் பதினொரு பாடத்திலை ஒண்டும் திறக்குதில்லை."

"அண்ணை, அது பதினொரு பாடமில்லை. ஒரே ஒரு ஃபைல். பெரிசு. லைன் விழுந்து விழுந்து வருமெண்டு ரீச்சற்றை மகன் பதினொரு துண்டா வெட்டித்தான் அனுப்பினவர். ஒட்டினாத்தான் திறக்கும். சீடியிலை கத்தரிக்கோல் படம் போட்ட சின்னச் சாமான் ஒண்டிருக்குப் பாருங்கோ. அதுதான் ஒட்டுற ஆள்."

"கத்தரிக்கோல் ஒட்டுமோ?"

"வெட்டுறதும் அதுதான், ஒட்டுறதும் அதுதான். முதலாந் துண்டு எது, ரெண்டாந் துண்டு எதெண்டு நீங்கள் ஒழுங்காக் காட்டவேணும். மாறிக் காட்டினா ஒட்டும், ஆனா திறக்காது."

"எந்த ஒழுங்கு?"

மறுமுனையில் ஹலீமின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நம்பர் போட்டுத்தான் வந்தது அண்ணை. சின்னராசா அண்ணைதான் வேண்டாமெண்டவர். முந்தி ஒருக்கா எழுத்தும் நம்பருமா ஃபைல் இருந்த சீடியொண்டைக் கொண்டுவந்து, ஓமந்தைச் செக்கிங்கிலை அரை நாள் இருத்தி வைச்சு இதென்ன கோட் எண்டு கேட்டவையாம். அதாலை ஊர்ப் பேர் போடடா தம்பி எண்டார்."

"ஊர்ப் பேர் போட்டா இன்னும் சந்தேகமெல்லோ வரும்!"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'பஸ் போற வழிதானே, பாத்தவுடனை விளங்கும். மனுசர் விளங்காததுக்குத்தான் பயப்படுறவை' எண்டார். சரி, தொடங்குவம் அண்ணை எண்டன். அவர் பேரைச் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொண்டா மாத்தி அடிச்சன். கடையிலை சனம். ஒழுங்கை நான் மனசிலை வைக்கேல்லை."

"உம்மடை மெசினிலை பழைய நம்பரோடை இருக்குமே?"

"இடமில்லையெண்டு அழிச்சுப்போட்டன். திரும்ப இறக்குறதெண்டா ரெண்டு நாள் போகும். லைன் இப்பவும் விழுந்துதான் கிடக்கு. குறை நினைக்காதையுங்கோ."

சாரங்கா றிசீவரைப் பறித்தாள். "ஹலீம் தம்பி, உங்களுக்குக் கொஞ்சமெண்டாலும் ஞாபகமில்லையோ?"

"அக்கா, எனக்கு ஆனையிறவு இதுக்குள்ள இல்லையெண்டு மட்டுந்தான் ஞாபகம். அது நான் கேட்டனான். வான் கிளிநொச்சியோடை நிக்கும், அங்காலை போகாதெண்டார். எங்கடை வாப்பா தண்ணீரூற்று ஆள். முல்லைத்தீவு றோட்டெண்டா நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். உங்கடை றோட்டு எனக்குப் பாடமில்லை."

கடைக்காரன் கையைக் காட்டினான். நேரம் முடிந்துவிட்டது.

•

வீட்டுக்கு வந்தவுடன் பிரசாந்தன் தன் மூன்று மாவட்டங்களையும் கலைத்தான். ஊர்களை மறுபடி ஒரே கோப்புறைக்குள் கொண்டுவந்தான். கணினி தன் வழக்கப்படி அவற்றை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியது.

"மெசின் ஒரு ஒழுங்கிலைதானே அடுக்கியிருக்கு. முதல் அதையே பாப்பம்."

"மெசினுக்குச் சின்னராசா அண்ணையைத் தெரியுமோ?"

அவன் கேட்கவில்லை. கத்தரிக்கோல் படத்தைத் திறந்து, பதினொன்றையும் அந்த வரிசையில் காட்டினான். திரையின் அடியில் நீலக் கோடு ஒன்று புழுப் போல் ஊரத் தொடங்கியது. பழைய கணினி. ஒட்டி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. முடிந்தது. அழுத்தினான். கோப்பு பழுதடைந்துள்ளது என்றது திரை.

சாரங்கா திரைக்குக் கிட்ட வந்தாள்.

"உந்தப் பக்கத்திலை இருக்கிற இலக்கம் என்ன?"

"ஒவ்வொரு துண்டின்ரையும் பாரம்."

"பத்துத் துண்டு ஒரே பாரம். கிளிநொச்சி மட்டும் குறைவு."

பிரசாந்தன் நிமிர்ந்தான். மூட்டைக் கணக்கு அவனுக்கு விளங்கும். ஒரே அளவாகக் கட்டிக்கொண்டு போனால் மிச்சம் விழுவது கடைசி மூட்டையில்.

"கிளிநொச்சிதான் கடைசி."

"வான் நிக்கிற இடமும் அதுதான். அப்ப பஸ் வழிதான். வவுனியாவிலை தொடங்கி ஒவ்வொரு ஊராக் காட்டுங்கோ."

காட்டினான். நீலக் கோடு மறுபடி ஊர்ந்தது. கால்வாசி வந்தது. பாதி வந்தது. பக்கத்து மில்லில் எஞ்சின் ஒருமுறை இருமியது.

"ஐயோ, நிண்டிடாதை," என்றாள் சாரங்கா.

எஞ்சின் நின்றது. திரை கறுத்தது.

அந்த வீதியில் மின்கம்பம் கிடையாது. வீரகத்தி தன் மில் எஞ்சினில் ஒரு டைனமோ பூட்டியிருந்தார். மில் ஓடினால் சுற்றியுள்ள வீடுகளுக்கும் கரண்ட். மில் நின்றால் இல்லை. நெல் வந்தால்தான் மில் ஓடும். ஆடி மாதத்தில் நெல் வரத்துக் குறைவு.

வேலிக்கு மேலால் வீரகத்தியின் தலை தெரிந்தது. முடியிலும் புருவத்திலும் தவிடு.

"தம்பி, முடிஞ்சுது. நாளைக்கு ஒரு மூட்டையும் இல்லை. ரீவி பாக்கிறதெண்டா வெள்ளிக்கிழமை பாருங்கோ."

•

வியாழன் காலை பிரசாந்தன் மில்லுக்குள் போனபோது வீரகத்தி சாக்குக் கட்டின் மேல் சாய்ந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கோ. டீசல் நான் ஊத்துறன்."

"டீசல் நீ ஊத்துவாய். உருளை ஆர் தாறது? நெல்லில்லாம ஓடினா ரெண்டு றப்பர் உருளையும் ஒண்டையொண்டு தின்னும்."

"உருளையைக் கழட்டிவிட்டு டைனமோவை மட்டும்..."

"எல்லாம் ஒரே தண்டிலை கிடக்கு. ஒண்டு சுத்தினா எல்லாம் சுத்தும், எங்கடை குடும்பம் மாதிரி. நெல் கொண்டா, ஓட்டுறன். இல்லையெண்டா நான் படுக்கிறன்." படுத்தும் விட்டார்.

பிரசாந்தன் வீட்டுக்கு வந்தான். பின்னறைக் கதவைத் திறந்தான். பலகையின் மேல், சுவரில் முட்டாமல், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு மூட்டைகள் இருந்தன. ஆட்டக்காரி நெல். மாசி அறுவடையில் புடைத்து, காயவைத்து, பூச்சி பிடிக்காமல் வேப்பமிலை போட்டுக் கட்டியது. காலபோகத்துக்கான விதை. மேல் மூட்டையை இழுத்துத் தோளில் ஏற்றினான்.

சாரங்கா வாசலை மறித்தாள். "உது விதையெல்லே!"

"தெரியும்."

"குத்தினா முளைக்காது."

"அரிசி முளைக்காதெண்டு எனக்குத் தெரியாதோ? விலகும்."

"விதைப்புக்கு என்ன செய்யிறது?"

"விதைப்புப் புரட்டாதியிலை. சோதினை சனிக்கிழமை. எது முன்னுக்கு வருதோ அது முதல்."

அவள் விலகினாள். பிறகு அடுத்த மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

வீரகத்தி மூட்டை வாயைப் பிரித்தவுடன் மணத்தைப் பிடித்துவிட்டார். கையை உள்ளே விட்டு ஒரு காய்ந்த வேப்பமிலையை எடுத்து, பிரசாந்தனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"விதைநெல்லைக் குத்தப் போறியோடா! கொப்பர் இருந்தா என்னையெல்லோ வெட்டுவார்."

"அப்பு இப்ப இல்லைத்தானே அண்ணை."

"அதுதான் துணிஞ்சிட்டாய். உந்தக் கொம்பியூட்டருக்குள்ள அப்பிடி என்னதான் கிடக்கு?"

"வராளி."

"ஆரது?"

"ராகம் அண்ணை. சாரங்கான்ரை வேலை அதுக்குள்ளதான் கிடக்கு."

வீரகத்தி இலையைக் கீழே போட்டார். எஞ்சினுக்குப் போய்க் கைபிடியைச் சுழற்றினார். பட்டி இழுபட்டது. தண்டு சுழன்றது.

"போ. போய் வேலையைப் பார். நான் கொட்டுறதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொட்டுறன். ஒரு மூட்டை முடிய யன்னலாலை கத்துவன்."

•

முதல் மூட்டை முடிய முன்னமே பஸ் வழி ஒட்டி முடிந்தது. வவுனியாவில் தொடங்கி, ஒரு ஊரும் பிசகாமல், கிளிநொச்சியில் முடித்திருந்தான். சாரங்கா வயலினை எடுத்துச் சுருதி சேர்த்து, மடியில் தயாராக வைத்திருந்தாள்.

அழுத்தினான்.

கோப்பு பழுதடைந்துள்ளது.

"ஒண்டு!" என்று வீரகத்தி யன்னலால் கத்தினார்.

பிரசாந்தன் கதிரையில் சாய்ந்தான். வழி சரி. கடைசித் துண்டு சரி. பிறகு எது பிழை? அவன் கனகராயன்குளத்தையும் மாங்குளத்தையும் மாற்றிப் பார்க்கலாமா என்று யோசித்தான். மாங்குளத்துக்கும் கொக்காவிலுக்கும் நடுவில் பனிக்கன்குளம்தானா என்று மூன்று தரம் மனதுக்குள் பஸ் ஓட்டினான். அதுதான். சும்மா மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு வன்னியில் உள்ள நெல் முழுவதும் போதாது.

"நாலும் முடிஞ்சா வேறை நெல் இருக்கே?" என்று கேட்டாள் சாரங்கா.

"சங்கக்கடையிலை இருக்கு. அதைத் தொட்டா எனக்கும் வேலை இல்லை. ரெண்டு பேருமா வீட்டிலை இருந்து வராளி பாடலாம்."

அவள் சிரிக்கவில்லை. கைக்கு வேலை வேண்டியிருந்தது. மேசை மூலையில் கிடந்த கச்சான் சரையைப் பிரித்தாள். ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். இரண்டாவதை உடைத்தாள். வாயில் போடவில்லை.

"இது எங்கத்தைக் கச்சான்?"

"வேறை எங்கை? முறிகண்டி. சின்னராசா அண்ணை அங்கை நிப்பாட்டாமல் வருவாரே."

சின்னராசா மட்டுமல்ல. வவுனியா வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும் எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. பஸ்ஸோ லொறியோ, இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள்.

"ரெண்டு!"

"இஞ்சேருங்கோ. நேற்று எங்கடை படலையிலை வானை எடுக்கேக்கை அந்தாள் என்ன சொன்னது?"

"எங்கை எடுத்தாலும் அதையேதான் சொல்லுறது. மனுசன் வவுனியா பஸ் ஸ்ராண்டுக்குள்ள வானைத் திருப்புறதெண்டாலும் முதல் முறிகண்டியானே எண்டு..."

நிறுத்தினான்.

"ஹலீம் என்ன சொன்னவர்?" சாரங்கா எழும்பிவிட்டாள். "'தொடங்குவம் அண்ணை எண்டன்' எண்டவர். சின்னராசா அண்ணையிட்டைத் தொடங்குவம் எண்டு சொன்னா, அவற்றை வாயிலை முதல் என்ன வரும்?"

"அப்ப வழியிலை? கொக்காவிலுக்கும் இரணைமடுவுக்கும் நடுவிலை முறிகண்டி வரவேணுமெல்லோ?"

"ஒரு பேருக்கு ஒரு துண்டுதானே அப்பா. முன்னுக்கு வைச்சிட்டா வழியிலை இருக்காது. கொக்காவில், அடுத்தது இரணைமடு. அவ்வளவுதான். கெதியாக் காட்டுங்கோ!"

முறிகண்டியை முதலில் காட்டினான். அடுத்தது வவுனியா. பிறகு தாண்டிக்குளம், ஓமந்தை, ஊர் ஊராகக் கிளிநொச்சி வரைக்கும். நீலக் கோடு புறப்பட்டது.

மில்லில் மூன்றாவது மூட்டை கொட்டப்படும் சத்தம் கேட்டது. கோடு கால்வாசிக்கு வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதால் அது வேகமாகப் போகவில்லை. எஞ்சினின் சுருதி இறங்கியது, மின்விசிறி தளர்ந்தது. பிரசாந்தன் யன்னலுக்கு ஓடினான்.

"அண்ணை!"

"ஒண்டுமில்லை, பட்டி வழுக்குது! பிசின் பூசுறன்!"

சுருதி ஏறியது. கோடு முக்கால்வாசிக்கு வந்து, நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. நிரம்பியது.

சாரங்கா தானே மவுசைப் பிடித்து அழுத்தினாள்.

கோப்பு திறந்தது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று பாடங்கள் திரை நிறைய வரிசையாக இறங்கின. ரீச்சர் பாடத்திட்டத்தின் ஒழுங்கிலேயே பதிந்திருந்தார். பிரசாந்தனின் கை தன்னையறியாமல் மவுசை நோக்கிப் போனது.

"வர்ணத்துக்கொரு போல்டர், கீர்த்தனைக்கொரு..."

"கை வைச்சியளெண்டா முறிப்பன்."

கையை எடுத்தான்.

வராளி கடைசியில் இருந்தது. அழுத்தினாள். முதலில் ஒரு கேத்தல் கூவும் சத்தம். யாரோ கதவை மூடினார்கள். பிறகு ரீச்சரின் குரல்.

"சாரங்கா, நான் இதை உனக்குப் படிப்பிக்கேல்லை. நான் எனக்கு வாசிக்கிறன். நீ கேட்டா அது உன்ரை பாடு."

வில் தந்தியில் இறங்கியது.

"மூண்டு!"

அவள் ஒருமுறை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை கேட்டாள். மூன்றாம் முறை வயலினைத் தோளில் வைத்து, ரீச்சருக்குப் பின்னால் ஒரு அடி விட்டு வாசித்துக்கொண்டு போனாள். மத்திமத்தில் வழுக்கும் இடத்தில் அவளுடைய விரல் பிழைத்தது. திரும்ப அந்த இடத்துக்குப் போனாள். திரும்பவும் போனாள். மில் எஞ்சின் டுக்கு டுக்கு என்று கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது மூட்டையை வீரகத்தி மிக மெதுவாகக் கொட்டினார். இருந்தும் அது முடிந்தது.

பாரம் விடுபட்ட எஞ்சின் நிற்க முன்னம் ஒருமுறை சீறியது. மின்குமிழ் பளீரென்று வெளித்தது. கணினிப் பெட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம். புகை மணந்தது. திரை அணைந்தது. பிறகு எவ்வளவு கரண்ட் கொடுத்தும் அந்தத் திரை எரியவில்லை.

"ரீச்சர் சொன்ன பகை," என்றாள் சாரங்கா. வில்லைக் கீழே வைக்காமல் வராளியை முதலிலிருந்து தொடங்கினாள்.

•

சனிக்கிழமை வவுனியாவில் பரீட்சகராக வந்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சாரங்கா வாசித்து முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

"வராளி ஆரிட்டைக் கேட்டனீங்கள், பிள்ளை?"

படிச்சனீங்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்.

"கொம்பியூட்டரிலை, அம்மா. மில்லுக்குப் பக்கத்திலை வைச்சு."

"அதுதானே பாத்தன். தாளம் எஞ்சின் மாதிரி ஓடுது. வராளிக்கு என்ன அவசரம்?" எதையோ எழுதினார். "ஆனா பிடி சரி. மத்திமம் நல்லா வழுக்குது. போங்கோ."

முடிவு புரட்டாதியில் வந்தது. சித்தி. அதே கிழமை வீரகத்தி தன் பத்தாயத்திலிருந்து விதைநெல் இறக்கிக் கொடுத்தார். அறுவடைக்குப் பிறகு அளந்து தந்தால் போதும் என்றார். அதுவரை அந்த வீட்டில் ஆட்டக்காரிப் பச்சையரிசிச் சோறுதான், புட்டுதான், கஞ்சிதான். பிரசாந்தன் ஒருநாளும் குறை சொல்லவில்லை. இரண்டாம் தரம் போட்டும் சாப்பிடவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இதொன்றும் தெரியாது. இருவரும் சின்னராசாவின் வானில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வானுக்குள் கதிர்காமத்துத் திருநீறு மணந்தது. ஓமந்தை தாண்டி, புளியங்குளம் தாண்டி, கொக்காவிலும் தாண்டிய பிறகுதான் சின்னராசா முன் கண்ணாடியில் பின்னால் இருந்த சாரங்காவைப் பார்த்தார்.

"ரீச்சர், கேக்க மறந்துபோனன். நான் தந்த சீடி திறந்ததோ?"

பிரசாந்தன் வாயைத் திறந்தான். சாரங்கா அவன் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"ஓம் அண்ணை. திறந்தது."

"திறக்காமல் விடுமே? முறிகண்டியானை எல்லோ முதல் வைச்சனான்."

வான் வேகம் குறைந்து வீதியோரத்துக்கு ஒதுங்கியது. கச்சான்காரிகள் ஓடி வந்தார்கள். பிரசாந்தன் இறங்கிப் போய் ஒரு தேங்காய் வாங்கினான்.